ஆட்டுக்கொழுப்பு பூசிய தண்டவாளம்

அன்பும் மதிப்பும் மிக்க தோக்சான்பாய் மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் உல்மெகென் எழுதுவது. உங்கள் ஒட்டகங்கள் நலமா, ஆடுகள் நலமா, அவற்றுக்குப் பிறகு அத்தையும் பிள்ளைகளும் நலமா? இங்கே கறுப்புப் பசுவைத் தவிர எல்லோரும் நலம்.

உப்பளத்துக்குப் போகும் பழைய தண்டவாளத்தைக் கைவிட்டுவிட்டார்களா, இல்லை இன்னும் யாராவது பராமரிக்கிறார்களா என்று பார்த்து எழுதச் சொன்னீர்கள். தடம் உயிரோடு இருந்தால் உங்கள் ரயில்வே அலுவலகத்தில் கேட் கீப்பர் வேலைக்கு என் பெயரைச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் கொடியைக் காட்டினால் போதும், ரயில் நின்று நம்மிடம் பேச்சுக் கொடுக்காது, பள்ளிக்கூடத்தை நான் விட்டதே எழுந்து நின்று ஒப்பிக்கச் சொன்னதால்தான். அதனால் ஆடு மேய்க்கிற சாக்கில் பத்து நாள் நடந்து பார்த்தேன். தண்டவாளத்தின் மேல்பக்கம் முழுக்கத் துரு, சிலீப்பர் கட்டைகள் பாதி மக்கல், ஓரிடத்தில் தண்டவாளமே கோணிக் கிடக்கிறது.

"இதுல வரணும்னா ரயிலு குடிச்சிட்டுத்தான் வரணும்" என்றார் அப்பா.

ஆனால் புல் ஒட்ட வெட்டியிருந்தது. கிணற்றுப் பக்க இணைப்பில் ஆறு போல்ட்டும் எண்ணெய் போட்டு மினுமினுத்தன. சந்தோஷத்தில் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் பார்த்தால், புல்லை வெட்டுவது பக்கத்து வீட்டு ஒட்டகம். அதற்கு மறுநாள் எங்கள் நாய் ஒரு போல்ட்டை நக்கிக்கொண்டிருந்தது. ரயில்வேயில் ஆட்டு வால்கொழுப்பா பூசுவார்கள் என்று யோசித்துக்கொண்டே நிமிர்ந்தால், கொழுப்புச் சட்டியும் ஸ்பானருமாக அப்பா வருகிறார். மாட்டுக்கொட்டகைக் கூரைக்கு உத்தரமாகத் தண்டவாளம் வேண்டுமாம், துருப்பிடித்த போல்ட் கழலத்தான் கொழுப்பாம். இரண்டு போல்ட் ஏற்கெனவே அவர் சட்டைப்பையில்.

"முப்பது வருஷமா ஒருத்தனும் எட்டிப் பாக்கல. செத்ததத்தானே எடுக்கறேன்" என்றார்.

"அக்கா நிச்சயத்துக்கு சம்பந்தி வாயில ஊட்ட வெச்ச கொழுப்பு அது. இரும்புக்கு ஊட்டிட்டு வந்து நிக்கறீங்களே, இனி அந்த இரும்பையே மாப்பிள்ளை பாருங்க" என்றாள் அம்மா.

ஆகவே மாமா, தடம் செத்துவிட்டது. என் வேலையையும் மறந்துவிடுங்கள். நம் வழக்கப்படி மருமகள் மூன்று முறை கேட்பதை மாமன் மறுக்கக் கூடாது அல்லவா, இது முதல் முறை: அப்பாவைப் பற்றி அலுவலகத்தில் மூச்சு விடாதீர்கள்.

உங்கள் மந்தை பெருகட்டும், உங்கள் வீட்டுத் தேநீர் ஆறாதிருக்கட்டும்.

உங்கள் மருமகள்
உல்மெகென்

பின்குறிப்பு: கடிதத்தை ரொட்டி வண்டிக்காரரிடம் கொடுக்கப் போனேன். கிணற்றுப் பக்கம் தண்டவாளத்தில் ஒரு டிராலி வந்து நின்றது, மூன்று அதிகாரிகள். உப்பளத்தை மறுபடி திறக்கிறார்களாம். பெரியவர் ஒரு போல்ட்டைத் திருகிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "இருபது கிலோமீட்டர்ல இது ஒண்ணுதான் கைக்கு சுத்துது. யாரும்மா இதப் பாத்துக்கறது?" என்றார். மிச்ச போல்ட்டைக் கழற்ற வந்திருந்த அப்பா ஸ்பானரை என் கையில் திணித்து, "எம் பொண்ணுதாங்க" என்றார். வழக்கம்போல் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. திங்கட்கிழமையிலிருந்து நான் கேட் கீப்பர். காணாமல் போன இரண்டு போல்ட்டை எடுத்தது யார் என்று கண்டுபிடித்து எழுதித் தருவதுதான் முதல் வேலை. இரண்டாவது முறையாகக் கேட்கிறேன் மாமா: என்ன எழுதட்டும்?