எஃப் எட்டில் ஒரு கல்யாணம்

ஒன்றும் தெரியாதவனால் கல்யாணத்துக்கு ஆபத்தில்லை. ஒன்றே ஒன்று தெரிந்தவனால்தான் ஆபத்து. எனக்கு எஃப் எட்டு தெரிந்திருந்தது.

தங்கையின் கல்யாணத்துக்கென்று புது லென்ஸ் வாங்கியிருந்தேன். லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தைப் பெரிதாகவும் சிறிதாகவும் மாற்றலாம்; ஏதோ ஓர் அளவில்தான் படம் மிகக் கூர்மையாக விழும் என்று படித்திருந்தேன். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை எல்லா அளவிலும் எடுத்துப் பார்த்தேன். எஃப் எட்டு என்ற சின்னத் துவார அளவில் ராகுகாலம், எமகண்டம், சூலம் வரை பொடி எழுத்தெல்லாம் பளிச். (அன்று தேதி கிழிக்க அப்பாவுக்கு அனுமதி இல்லை.)

"எதுக்கும் ஒரு ஃபோட்டோக்காரரையும் வெச்சுண்டா என்னடா?" என்றார் அப்பா. என்னை நம்பவில்லையே என்று சாப்பிடாமல் கிடந்தேன். பாவம், விட்டுக்கொடுத்துவிட்டார்.

ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் வெளிச்சம் மட்டு. துவாரத்தை அகலத் திறந்திருக்க வேண்டும். நானோ எஃப் எட்டிலிருந்து இம்மி நகரவில்லை. அந்த இருட்டில் கேமரா ஒரு படம் பிடிக்கவே நேரமெடுத்தது. அதற்குள் அசைந்ததெல்லாம் கலங்கிப்போகும். காலண்டர் அசையாது, மனிதர்கள் அசைவார்கள் என்ற உண்மை என் ஆராய்ச்சிக்கு எட்டவில்லை. (ஃபிளாஷ்? அது கற்றுக்குட்டிகள் சமாச்சாரம் என்று வீட்டிலேயே வைத்துவிட்டேன்.)

எங்கள் வழக்கப்படி, அப்பா மடியில் பெண்ணை உட்கார வைத்துத்தான் தாலி கட்டுவார்கள். செல்போனோடு முண்டியடித்த உறவினர்களையெல்லாம், "நான் எடுத்துக்கறேன்" என்று விரட்டிவிட்டு, நடுநாயகமாக நின்றேன். அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் எடுத்துத் தள்ளினேன்.

மறுநாள் கம்ப்யூட்டரில் பார்த்தால் தூண் கூர்மை, வாழைமரம் கூர்மை. மனிதரில் ஒரே ஒருவர் கூர்மை: அப்பாவுக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் மாமா. காதுமுடியை எண்ணலாம்.

அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார். அவர் மடியில் அவள் உட்கார்ந்த நேரத்துக்கு வேறு படமே இல்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. தங்கை அந்தக் கலங்கிய படத்தையே சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாம் மாமாவைக் காட்டி, இவர்தான் உங்கள் அப்பாவா என்று கேட்கிறார்கள்.

"இல்லை, அவர் எங்காத்துக்காரரோட மாமா. பக்கத்துல புகையாட்டம் இருக்கார் பாருங்கோ, அவர்தான் எங்கப்பா" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன்.