மணிக்கட்டைக் கவனி

இனிமே இந்த வீட்டுல என் பேச்சுதான்னு ஒரு நாள் முடிவு பண்ணேன். சத்தமா இல்ல, மனசுக்குள்ளதான். என் பொண்டாட்டிக்குக் காது ரொம்பக் கூர்மை.

சண்டை பின்ரூமுக்கு. எங்க வீடே முன்ரூம், அடுப்படி, பின்ரூம், அவ்வளவுதான். ராத்திரி முன்ரூம்ல படுப்போம். பின்ரூம்ல ஜன்னலோரமா ஒரு கட்டில். எனக்குக் காலையில கொஞ்சம் வேலை, சாயங்காலம் கொஞ்சம் வேலை. நடுவுல அந்தக் கட்டில்ல விழுந்தா, கூப்பிட ஆள் இல்லாத சொர்க்கம். அவளுக்கு அங்க தையல் மெஷின் போடணுமாம்.

"கட்டில எடுங்க."

"எடுத்தா நான் எங்கடி தூங்குறது?"

"நின்னுக்கிட்டே தூங்குற மனுசனுக்குக் கட்டில் எதுக்கு?"

பேச்சு வளர்ந்துச்சு. கடைசியில அவளே சொன்னா: "பேசித் தீராதுங்க. நீங்க வேல பாக்குற எடத்துல பேட்மின்டன் கோர்ட்டு இருக்குல்ல? ஞாயித்துக்கிழம ஒரு மேட்ச். ஜெயிச்சவங்களுக்கு ரூமு."

எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. மீனு தானா சட்டியில குதிச்சு, உப்பு போட்டாச்சான்னு கேக்குது!

ஏன்னு கேளுங்க. நான் வேல பாக்குற எடத்து வாசல்ல 'பயோமெக்கானிக்ஸ்'னு போர்டு. மெக்கானிக் கடை, பஞ்சர் ஒட்டுவாங்கன்னு நெனச்சுத்தான் வேல கேட்டுப் போனேன். ஒட்டுற வேலதான் குடுத்தாங்க. ஆனா டயர்ல இல்ல, ஆளுங்க மேல! ஆட வர்றவங்க தோள்ல, முட்டியில, மணிக்கட்டுல சின்னச் சின்ன மினுக்கு உருண்டைய ஒட்டணும். சுத்தியும் கேமரா, உடம்பு அசையிறத ஒரு பெரிய திரையில காட்டும். அதுக்கு ஒரு டாக்டரம்மா. ஊசி போட மாட்டாங்க. காய்ச்சல்னு போனா, "ஆடும்போது முட்டி எவ்வளவு மடங்குது?"ன்னு கேப்பாங்க.

மொத நாள் அந்தத் திரையப் பாத்து வாயப் பொளந்தவன்தான், இன்னும் சரியா மூடல. மனுசன் காணாமப் போயிடுறான். கண்ணு, மூக்கு, சட்டை எதுவும் இல்ல. இருட்டுல வெறும் புள்ளிங்க. ஆனா அந்தப் புள்ளிங்க ஓடுது, எகிறுது, அடிக்குது! அடி கையிலயா இருக்குன்னு நெனச்சீங்க? இல்லவே இல்ல. பாதம் தரைய உதைக்குது, இடுப்பு திரும்புது, தோளுக்கு ஏறுது, முழங்கைக்கு வருது, கடைசியில மணிக்கட்டுல சொடக்குன்னு முடியுது. அலை மாதிரி. ஒவ்வொருத்தன் உடம்புக்குள்ளயும் ஒரு கடல் இருக்குங்க, அத வெச்சுக்கிட்டுத்தான் நாம பஸ்ல சீட்டுக்கு அடிச்சுக்கிறோம்.

மேட்ச் முடிவான மறுநாள் டாக்டரம்மா ஒரு சேதி சொன்னாங்க. ஆடுறவங்கள்ல பாதிப் பேர்கிட்ட, "மணிக்கட்டைக் கவனிச்சு அடிங்க"ன்னு சொன்னாங்களாம். மீதிப் பேர்கிட்ட, "ஷட்டில் போய் விழ வேண்டிய எடத்தப் பாருங்க"ன்னாங்களாம். எடத்தப் பாத்தவங்க சரியா அடிச்சாங்க. மணிக்கட்டப் பாத்தவங்க ஷட்டில லைட்டுக்கு அனுப்பிட்டாங்க.

"ஏம்மா அப்படி?"

"உடம்புக்கு அது வேல தெரியும். நாம நடுவுல போய் மேஸ்திரி வேல பாத்தா, அது கோவிச்சுக்கும்."

அடேங்கப்பா! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. அந்தச் சிலிர்ப்புலதான் திட்டம் பொறந்துச்சு. மேட்ச் நடுவுல அவ நெனப்பு மணிக்கட்டுக்குப் போகணும். போனா, ரூம் எனக்கு.

அதோட விடல. அந்த வாரம் பூரா மத்தியானத் தூக்கத்த விட்டுட்டு, கோர்ட்டுல சுவத்துல அடிச்சு அடிச்சுப் பழகினேன்.

"சாப்பிட்டதும் கெளம்பிட்டீங்களா? நல்லா ஆடுங்க"ன்னு அவளே தண்ணி பாட்டில் குடுத்து அனுப்புவா. பாவம்னு நெனச்சேன்.

ஞாயித்துக்கிழம. டாக்டரம்மாவும் வந்துட்டாங்க. ரெண்டு பேருக்கும் உருண்டை ஒட்டியாச்சு. புடவத் தலைப்ப இடுப்புல செருகிக்கிட்டு அவ நின்னா. மொத அடி என் காதோரமா விர்ருனு போச்சு. நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள ஷட்டில் தரையில படுத்துருச்சு.

"எங்கடி கத்துக்கிட்ட?"

"பள்ளிக்கூடத்துல. நீங்க கேட்டதே இல்லயே."

சரி, திட்டத்த எடுத்துர வேண்டியதுதான்.

"அடடா! அந்த மணிக்கட்ட எப்படிடி சொடுக்குற? உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"எந்த மணிக்கட்டு?"

"வளையல் போட்டிருக்கியே, அது."

"சொடுக்குறேனா? எனக்கே தெரியலயே. நீங்கதான் இதுலயே வேல பாக்குறவரு. ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன்."

என்ன மரியாதையா கேட்டா! நானும் வாத்தியார் ஆயிட்டேன். "இதோ பாரு, முழங்கை இங்க, கட்டைவிரல் இப்படி, மணிக்கட்டு இந்த நேரத்துல..." சொல்லிக்கிட்டே அடிச்சேன். ஷட்டில் வலையில. மறுபடி அடிச்சேன். டாக்டரம்மா டீ கிளாஸ்ல.

"கட்டைவிரல் எங்கன்னு சொன்னீங்க?"

"மேல... இல்ல, பக்கவாட்டுல..."

"அப்ப சுண்டுவிரல்?"

முடிஞ்சுது. அதுக்கப்புறம் எனக்குக் கை எதுன்னே தெரியல. விரல் ஒவ்வொன்னும் தனிக்குடித்தனம் போயிருச்சு. சர்வீஸ் போட்டா ஷட்டில் நிக்கிது, நான் பறக்குறேன். மட்டையோட ஆடப் போனவன் மட்டையாயிட்டேன்.

டாக்டரம்மா எங்களத் திரைக்கு முன்னாடி கூட்டிட்டுப் போனாங்க. ஒரு பக்கம் என் புள்ளிங்க, கலைச்சுவிட்ட எறும்பு மாதிரி. இன்னொரு பக்கம் அவ. பாதத்துல கெளம்பி, இடுப்புல திரும்பி, தோள்ல ஏறி, மணிக்கட்டுல சொடக்கு. சத்தியமா சொல்றேன், அந்த நேரத்துல தோத்ததே மறந்துபோச்சு. இத்தன வருசமா என் பக்கத்துல உக்காந்து சோறு தின்ன அலையா இது?

"என்னங்க, அப்படிப் பாக்குறீங்க?"

"அழகா இருக்கடி."

"வெறும் புள்ளிதானே தெரியுது?"

"அதான் சொல்றேன்."

குத்துனா. தோள்லேர்ந்துதான் வந்துச்சு அந்தக் குத்தும்.

வீட்டுக்கு வந்தோம். தோத்தவன் கௌரவமா நடந்துக்கணும்ல? கட்டில நானே தூக்கி வெளிய வெச்சிடலாம்னு பின்ரூம் கதவத் தெறந்தேன்.

கட்டில் இல்ல. ஜன்னலோரமா தையல் மெஷின். பக்கத்துல தெச்சு மடிச்ச துணி, குவியலா.

"இது எப்படி இங்க? கட்டில் எங்கடி?"

"நீங்க பழகப் போன மொத நாளே கீழ் வீட்டு அக்காவுக்குக் குடுத்துட்டேனே. நீங்கதான் இந்தப் பக்கமே வரலயே."

"அப்புறம் எதுக்குடி மேட்ச்?"

அவ ஊசியில நூல் கோத்துக்கிட்டே சொன்னா:

"மேட்ச்னு சொன்னாத்தானே நீங்க மத்தியானம் வீட்ட விட்டுக் கெளம்புவீங்க!"