சிங்கத்தின் விரதம்

போடியில் ஏலக்காய் விலை இறங்கிப்போச்சு. வியாபாரிகளெல்லாம் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, பைரவதாசர் ஜக்கையச் சாமி உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். நாய்கள் கறி தின்றதுதான் காரணமாம். பைரவரின் வாகனமான நாய் அசைவம் தின்றால் அந்த வீட்டுத் தோட்டத்தில் ஏலக்காய்ச் சரம் உதிருமாம், விலை சரியுமாம். இது தெரியாமல் இத்தனை நாளும் மழையைத் திட்டிக்கொண்டிருந்தோம், பாருங்கள்.

அவ்வளவுதான், சிலமலையிலிருந்தும் குரங்கணியிலிருந்தும் ஜனம் நாயும் கையுமாகக் கிளம்பியது. சாமி நாய்க்கு ராசி பார்த்தார். பிறந்த நேரம் தெரியாவிட்டால் முதன்முதலாகக் குரைத்த நேரம் போதுமாம். எந்த ராசியானாலும் பரிகாரம் என்னவோ ஒன்றுதான். கறி, முட்டை ஆகாது. சாமி உருட்டித் தரும் வெல்ல உருண்டை மட்டும்.

போடிமெட்டுக்கு மேலே சின்னதாக ஓர் ஏலத்தோட்டம் வைத்திருந்த அன்னக்கொடியும் தன் நாய் சிங்கத்தை விரதம் இருக்க வைத்தாள். காட்டுப்பன்றி வந்தால் மலையே அதிரக் குரைக்கிற நாய் அது. இப்போது எழுந்து நிற்கவே சுவரில் சாய்ந்தது. விலா எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. சாமியிடம் போய்ச் சொன்னால், தோஷம் கழியுது ஆத்தா என்று இன்னொரு பொட்டலம் உருண்டை கொடுத்தார்.

ஜீப்பு ஓட்டுகிற பால்ராஜ்தான் பொறுக்கமாட்டாமல் சிங்கத்தைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனான். டாக்டரம்மா பார்த்துவிட்டு, சீக்கு ஒன்றும் இல்லை, பசி என்றார். சோற்றோடு மசாலா போடாமல் வேகவைத்த கறியோ முட்டையோ, கொஞ்சம் பூசணியும் கேரட்டும் போடு, வெல்லத்தை நிறுத்து என்று சொல்லி அனுப்பினார். அன்னக்கொடி நம்பவில்லை. சாமியின் நாய் அதே உருண்டையைத் தின்றுதானே கொழுகொழுவென்று இருக்கிறது? கறியைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறதே, ஊரே பார்த்ததாச்சே.

தேய்பிறை அஷ்டமியன்று சாமி முன்னால் கூட்டம் நெரிந்தது. அன்னக்கொடியும் சிங்கத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாம்பிராணிப் புகைக்கு நடுவே சாமி ஒரு கறித்துண்டை எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மந்திரித்து, தன் நாய்முன் வைத்தார். நாய் மோந்தது, தும்மியது, திரும்பிக்கொண்டது. ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பால்ராஜ் அன்னக்கொடி கையில் ஒரு தூக்குப்போணியைத் திணித்தான். டாக்டரம்மா சொன்னபடி வேகவைத்த கறி.

"அக்கா, சாமி கை படாத துண்டு ஒண்ண அவரு நாய் முன்னாடி போடு. திங்கலேன்னா நானே உருண்டையத் தின்னுக்கிட்டு ஜீப்பு ஓட்டுறேன்."

தெய்வக்குத்தம் ஆகிவிட்டால்? ஆனால் மடியில் கிடந்த சிங்கம் அவளையே பார்த்தது. போட்டுவிட்டாள்.

சாமியின் அதிசய நாய் ஒரே கவ்வாகக் கவ்வியது. அடுத்து போணிக்குள்ளேயே தலையை விட்டது. சாமி வேணாம்டா வேணாம்டா என்று கெஞ்சக் கெஞ்ச, வாகனம் தலையை வெளியே எடுக்கவில்லை.

அன்னக்கொடி எழுந்து போய்ச் சாமியின் கையைப் பிடித்து மோந்தாள். உள்ளங்கை முழுக்க யூக்கலிப்டஸ் தைலம். அவ்வளவு சாம்பிராணி எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.

ஒரு ஜீப்புக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. ஜக்கையச் சாமி நடையாகவே நடையைக் கட்டினார். அவருடைய நாய்கூடப் பின்னால் போகவில்லை.

அப்படியும் ஒரு பெரியவருக்கு மனசு ஆறவில்லை. அப்ப வெல எறங்குனதுக்கு வேற எந்தச் சாமியக் கேக்குறது என்றார்.

அன்னக்கொடி போணியைப் பிடுங்கி, மிச்சமிருந்ததைச் சிங்கத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னாள்:

"பாத்தீகள்ல அண்ணே, நாயி மோந்து பாத்துட்டுத்தான் வாய வைக்குது. நாமதான் எதக் குடுத்தாலும் அப்படியே முழுங்குறோம்."