இடது காது மட்டும் அயர்லாந்து

அயர்லாந்து தேசத்தின் மேற்குக் கரையோரம், வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழையில் ஊறிக்கொண்டிருக்கும் ஒரு காட்டில், மிருகங்கள் எல்லாம் ஒற்றுமையாகப் புலம்பிக்கொண்டு வாழ்ந்துவந்தன. மழை பெய்தால் மழையைத் திட்டும். வெயில் அடித்தால், இதெல்லாம் நிலைக்காது என்று வெயிலைத் திட்டும். அந்தக் காட்டில் டீக்கடை வைத்திருந்த நரியின் பெயர் டெக்லன். காலை முதல் சாயங்காலம் வரை அந்தக் கடை பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த செம்மறி ஆட்டின் பெயர் ஃபினோலா. வேறு மிருகங்களும் இருந்தன. கூட்டம் சேர்க்க வேண்டிய இடத்தில் அவை தாமாக வந்துவிடும்.

ஒரு நாள் அமெரிக்காவிலிருந்து ஒரு முயல் கப்பலில் வந்து இறங்கியது. பச்சைத் தொப்பி, பச்சைக் கோட்டு, பச்சைக் காலுறை, கையில் ஒரு பெட்டி. இறங்கியதும் கரை மண்ணில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதது. கடற்பறவைகள் எச்சமிடுவது அந்த இடத்தில்தான். அழுகிற பிள்ளையிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருந்த மிருகங்கள் சும்மா இருந்துவிட்டன.

முகத்தைக்கூடத் துடைக்காமல் முயல் நேரே டீக்கடைக்குள் நுழைந்தது.

"என் பேரு ராண்டி. உங்க பையன் வந்துட்டேன்!"

"எங்க பையனா?" என்றது நரி. "உன்னை இங்கே யாருப்பா பெத்தாங்க?"

"எங்க கொள்ளுத்தாத்தா இந்தக் காட்டுக்காரர்ண்ணே. உருளைக்கிழங்கெல்லாம் அழுகிப்போச்சே, அந்தப் பஞ்சத்துல கப்பலேறினவரு. நான் ஒரு குழாய்ல எச்சில் துப்பி, பரம்பரை பாத்துச் சொல்ற ஒரு கம்பெனிக்கு அனுப்பிவச்சேன். எட்டுல ஒரு பங்கு நான் இந்த ஊருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லிட்டாங்க. உடம்புல அளந்து பாத்தா, இந்த இடது காது முழுசா வருது."

"மிச்சம்?"

"மிச்சம் ஜெர்மனி. வால் மட்டும் போலந்து. அதைப் பத்தி எங்க வீட்ல யாரும் பேசறதில்லை."

நரி அந்தக் காதை ஒரு முறை பார்த்தது. பிறகு, "டீ சாப்பிடறியா?" என்று கேட்டது.

"ஓ, சாப்பிடறேனே!" என்றது ராண்டி.

அசைபோட்டுக்கொண்டிருந்த ஃபினோலா அசைபோடுவதை நிறுத்திவிட்டது. விஷயம் என்னவென்றால், அந்தக் காட்டில் டீ வேண்டுமா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால், ஐயோ உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை, கேட்டவருக்கு ஏதோ உதவி செய்வதுபோல, அரை டம்ளர் போதும் என்று சொல்லிவிட்டு ஒரு கெண்டி டீயையும் குடித்துவிட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே சரி என்று சொன்ன ஜீவன் அந்த மண்ணில் பிறந்ததே இல்லை. நரி இன்னும் அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

"காது வேணும்னா நம்ம காதா இருக்கலாம்," என்று ஃபினோலா நரியிடம் கிசுகிசுத்தது. "வாய் நம்ம வாய் இல்லை."

ராண்டி அத்தோடு விடவில்லை. மரம் மரமாகப் போய், கொள்ளுத்தாத்தா முதுகு சொறிந்த மரம் இதுவா என்று விசாரித்தது. ஊர்க்காரர்களுக்கு முதல் வரிக்கு மேல் தெரியாத பழைய பாட்டுகளைக் கடைசி வரி வரை கண்ணீரோடு பாடியது. மழை கொட்டும்போது வெளியே நின்று, "ஆஹா, என்ன மழை, நம்ம மழை!" என்றது. மிருகங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. ஃபினோலாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"எனக்கு எரிச்சலா இருக்கு டெக்லன்," என்றது அது. "நான் பொறந்ததுல இருந்து இந்த மழையில நனையறேன். ஒரு நாளாவது இதை இப்படி ஆசையாப் பாத்திருக்கேனா? எங்கிருந்தோ வந்தவன் பாக்கறான். என் மழையை அவன் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

அன்று மாலை ராண்டி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நரியின் முன்னால் வந்து நின்றது.

"அண்ணே, நீங்க எல்லாரும் சிரிக்கிறது எனக்குத் தெரியும். பரவாயில்லை. அங்கே எங்க தெருவுல என்னை அயர்லாந்துக்காரன்னுதான் கூப்பிடறாங்க. இங்கே வந்தா அமெரிக்காக்காரன்னு சொல்றீங்க. ஒரே ஒரு தடவை, நம்ம பையன்னு சொல்லுங்கண்ணே. அதுக்காகத்தான் கடல் தாண்டி வந்தேன்."

அதன் மீசை நடுங்கியது. நரிக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் இளகிய மனசை வெளியே காட்டுவது அந்தக் காட்டில் பெரிய அசிங்கம்.

"வந்தவுடனே சொல்லிட முடியுமாப்பா? எங்களை மாதிரி இங்கே இருந்து காட்டு. அப்புறம் பாக்கலாம்."

ராண்டி தங்கிவிட்டது. தங்குவதற்கு ஒரு வளை வேண்டுமே! ஊறிய மண்ணில் புதிதாகத் தோண்டினால் சரிந்துவிடும். காட்டில் வாடகைக்கு இருந்தது ஒரே ஒரு வளை. அதைப் பார்க்க வந்தவர்களின் வரிசை வளை வாசலிலிருந்து கடற்கரை வரை நின்றது. உள்ளே பாதி வளைக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. வீட்டுக்கார நீர்நாய் அதை 'இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் வசதி' என்று சொல்லி, முன்பணமாக வாலைக் கேட்டது. போலந்து வால்தானே என்று ராண்டி கொடுக்கக்கூடத் துணிந்தது. அதற்குள் இரண்டு வால் தருவதாகச் சொன்ன ஒரு பல்லி வளையைத் தட்டிக்கொண்டு போய்விட்டது.

ராண்டி டீக்கடைக்குப் பின்னால் ஒரு புதரடியில் படுத்தது. மழை பெய்தது. மறுநாளும் பெய்தது. பச்சைத் தொப்பி சாயம் போய்ச் சாணி நிறத்துக்கு வந்தது. மெல்ல மெல்ல முயல் மாறியது. மழையைத் திட்டியது. நீர்நாயின் பரம்பரையையே திட்டியது. யாராவது பழைய பாட்டை எடுத்தால், "போதும் நிறுத்துய்யா," என்றது. ஒரு நாள் நரி டீ வேண்டுமா என்று மூன்று முறை கேட்டும், அது மும்முரமாக மறுத்துக்கொண்டே இருந்ததில் டீ ஆறிப்போய்விட்டது.

"தேறிட்டான்," என்றது ஃபினோலா.

"தேறிட்டான்தான்," என்றது நரி. "ஆனா என்னமோ ஒண்ணு குறையுதே."

என்ன குறைகிறது என்று இரண்டுக்கும் தெரியவில்லை. அது ஒரு காலையில் தானாகவே நிறைந்தது. நனைந்த புதரிலிருந்து எழுந்து வந்த ராண்டி, கடைக்கு நடுவில் நின்று கத்தியது.

"இந்த ஊர்ல ஒரு முயல் குடியிருக்க முடியுமா? நான் ஆஸ்திரேலியா போறேன். அங்கே முயலுங்க இஷ்டத்துக்கு வளை தோண்டிக்கிட்டு ராஜா மாதிரி இருக்காங்களாம்!"

அந்தக் காட்டில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் கப்பலேறுவதற்கு முன் சொல்லும் பேச்சு அதுதான். நரியின் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது.

கடல் தாண்டிப் போகிறவனுக்கு உயிரோடு இருக்கும்போதே இழவு கொண்டாடி அனுப்புவது அந்தக் காட்டு வழக்கம். திரும்பிவர மாட்டான் என்று ஊருக்குத் தெரியும். அன்று மத்தியானமே ராண்டியைப் பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். காடே திரண்டு வந்து உட்கார்ந்து, அதன் நல்ல குணங்களைச் சொல்லிச் சொல்லி அழுதது. நீர்நாய்கூட வந்து மூக்கைச் சிந்தியது. ஃபினோலா பெஞ்சின் மேல் விழுந்து கதறியது.

"போறானே! நம்ம பையன் போறானே!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"அக்கா, இப்ப என்ன சொன்னீங்க?"

"நம்ம பையன்னு சொன்னேன்டா. நீ நம்ம பையன் இல்லாம வேற யாரு?"

நரியும் முயலின் இரண்டு காதையும் தடவிக்கொடுத்து, "நம்ம பையனேதான்," என்றது. இதற்காகத்தானே இத்தனை பாடும்!

"அப்ப நான் போகலை! இங்கேயே இருந்துடறேன்!" என்றது அது.

அழுகை சட்டென்று நின்றது. மிருகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நீர்நாய் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டது. ஃபினோலா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தது.

"அதுக்கென்ன, தாராளமா இருக்கலாமே," என்றது நரி, மரியாதையாக. "ஊர் சுத்திப் பாக்க வர்றவங்களை நாங்க என்னிக்கு வேண்டாம்னு சொல்லியிருக்கோம்? அமெரிக்காவுல எந்தப் பக்கம்னு சொன்னீங்க?"

ராண்டி எல்லோருடைய முகத்தையும் பார்த்தது. பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு, திரும்பவும் பெஞ்சில் படுத்தது.

"நம்ம பையன்!" என்று காடு முழுக்க ஓலம் கிளம்பியது.

நீதி: சொந்த ஊர் உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமானால், பெட்டியைத் தூக்கு. தூக்கிய பெட்டியைக் கீழே மட்டும் வைத்துவிடாதே.