எஞ்சினில் பொரிந்த முறுக்கு மாவு

பயந்த சுபாவக்காரர்கள் சும்மா இருப்பார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தவறு. தைரியசாலிதான் பிரச்சினையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். பயந்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது, ஏதாவது செய்தே தீர வேண்டும். நான் செய்தது, ஓட்டப்போகும் காரின் எஞ்சின் மேல் முறுக்கு மாவு தூவியது.

கார் பழையது. கோயம்புத்தூரிலிருந்து புனே வந்த புதிதில் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். அங்கே சிஞ்ச்வட் பகுதியில் எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில் வந்து நின்ற கொஞ்ச நாளிலேயே அடியில் ஆயில் சொட்ட ஆரம்பித்தது. என் கணவருக்கு ஆயில் சீல் செய்யும் கம்பெனியில் வேலை, அதுவும் தரச் சோதனைப் பிரிவில். (ஊரிலுள்ள வண்டியெல்லாம் ஒழுகாமல் பார்த்துக்கொள்கிற மனிதர்.) டார்ச்சும் கையுமாகக் காருக்கடியில் படுத்துப் பார்த்தார். சட்டையெல்லாம் கறையோடு எழுந்தார்.

"எல்லாப் பக்கமும் ஈரமா இருக்குது. எங்கிருந்து வருதுன்னே தெரியல. இந்த மாசத்துக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா வித்துடலாம் அம்மிணி" என்றார்.

விற்றுவிட்டால் நான் என்ன செய்வேன்? மகள் நிலாவுக்கு அப்போது இரண்டு வயது. சளி பிடித்தால் பின்னாலேயே வீசிங் வந்துவிடும். ஒரு மழை நாளில் ஆட்டோ எதுவும் நிற்காமல் போக, போனில் கூப்பிட்ட டாக்சிகள் ஒவ்வொன்றாக ரத்தாக, இரைக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையோரம் நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் கார் ஓட்டவே கற்றுக்கொண்டேன். புனேயில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அவசரத்துக்கு என்று இருந்த ஒரே சொந்தம் அந்தக் கார்தான்.

அதுவும் ஒழுகுகிற சொந்தம். பார்க்கிங் தரை கொஞ்சம் சரிவு. எங்கள் ஆயில் மெல்ல ஊர்ந்துபோய்ப் பக்கத்து இடத்தில் நிற்கும் தேஷ்பாண்டே காக்குவின் ஸ்கூட்டரைத் தொட்டுவிடும். (காக்கு என்றால் சித்தி. அங்கே நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களெல்லாம் காக்குதான்.) என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் இந்தியில் ஏதாவது சொல்வார். என் இந்தி பரீட்சை எழுதக் கற்ற இந்தி. பதில் வாக்கியத்தை நான் கட்டி முடிப்பதற்குள் லிஃப்ட் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கடைசியில் அவர் கண்ணில் படாமலிருக்கப் படியேற ஆரம்பித்தேன். முழங்கால் வலித்ததே தவிர கறை குறையவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வண்டி இல்லாத நாள் பார்த்துக் குழந்தைக்கு முடியாமல் போனால்? மாட்டேன் என்றேன். சரி, எஞ்சினை நன்றாகத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவுங்கள், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள், கசியும் இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுக்கும் என்றார் மெக்கானிக்.

வீட்டில் பவுடர் இல்லை. வீசிங் குழந்தைக்குப் பவுடர் ஆகாது என்று எங்கோ படித்துவிட்டு எல்லா டப்பாவையும் நானே தூக்கி எறிந்திருந்தேன். புதிதாக வாங்கலாம். ஆனால் மீதிப் பவுடரை எங்கே வைப்பது, நிலா எடுத்துக் கொட்டிவிட்டால் என்ன செய்வது? இப்படி யோசித்துக்கொண்டு சமையலறையில் நின்றபோதுதான் மாமியார் அனுப்பிய முறுக்கு மாவு கண்ணில் பட்டது. "ஓமம், சீரகமெல்லாம் போட்டே அரைச்சிருக்குது கண்ணு, நீ பெசஞ்சு பிழிஞ்சாப் போதும்" என்று சொல்லி ஒவ்வொரு தீபாவளிக்கும் அனுப்புவார். முந்தின வருட மாவே பிழியப்படாமல் இருந்தது. வெள்ளையாக, நைசாக, குழந்தைக்கு ஒரு கெடுதலும் செய்யாததாக. பவுடர் என்ன, மாவு என்ன?

(நான் எம்.எஸ்சி. வேதியியல். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.)

எஞ்சினைப் பழைய துணியால் பளபளவென்று துடைத்தேன். டீ வடிகட்டியால் மாவைச் சலித்தேன். கொஞ்சம் என்றாரே, கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று சந்தேகம் வந்தது. இன்னொரு கை தூவினேன். ஓரங்களில் படவில்லையோ என்று தோன்றியது. இன்னொரு கை. பானெட்டை மூடும்போது எஞ்சின் இருக்கும் இடமே தெரியவில்லை.

நிலாவைப் பின் சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட் மாட்டிவிட்டு ஸ்டேஷன் பக்கம் போனேன். ஆபீஸ் விடுகிற நேரம். ஒரு சிக்னலில் நின்றபோது கமகமவென்று வாசனை வந்தது. யார் வீட்டிலோ பலகாரம் போடுகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த சிக்னலிலும் அதே வாசனை. ஊரே பலகாரம் சுடுகிறது, நான் ஒருத்திதான் மாவை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேன் என்று குற்ற உணர்ச்சிகூட வந்துவிட்டது. எங்கள் கேட்டுக்குள் திரும்பும்போதுதான் பானெட் இடுக்கு வழியாகப் புகை வந்ததைப் பார்த்தேன்.

வண்டியைக் கேட்டின் நடுவிலேயே விட்டுவிட்டு, குழந்தையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு ஓடினேன். தீப்பிடித்துவிட்டது என்று தமிழில் கத்தினேன். எனக்குப் பின்னால் வந்த கார்கள் வரிசையாக ஹாரன் அடித்தன. எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் நிலாவின் மூச்சு மட்டும்தான். அது இரைக்கிறதா இல்லையா என்று எத்தனை முறை கேட்டும் தெரியவில்லை, ஏனென்றால் நானே இரைத்துக்கொண்டிருந்தேன்.

எதிரே தேஷ்பாண்டே காக்கு, கையில் கீரைப் பையோடு. பையைத் தரையில் போட்டுவிட்டு நிலாவை என் கையிலிருந்து வாங்கினார், புகை வராத பக்கமாக நடந்தார், அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, மூச்சு சுத்தமாக இருக்கிறது, முதலில் நீ உட்கார் என்றார். நான் நடைபாதையிலேயே உட்கார்ந்தேன்.

அதற்குள் வாட்ச்மேன் மணல் வாளியோடு ஓடி வந்து, பானெட்டைத் திறந்து கொட்டத் தயாராக நின்றார். காக்கு மூக்கை உறிஞ்சினார்.

"தாம்ப், தாம்ப். ஹா தர் சக்லிச்சா வாஸ் ஆஹே."

நில்லு நில்லு, இது சக்லி வாசனை என்று அர்த்தம். சக்லி என்றால் நம் முறுக்கு. ஹாரன் அடித்தவர்களெல்லாம் இறங்கி வந்து முகர்ந்து பார்த்தார்கள். ஒருவர், ஓமம் போட்டிருக்கிறது என்று தீர்ப்பே சொன்னார். உள்ளே என்ன போட்டாய் என்று காக்கு கேட்டார். நான் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தவர் வாட்ச்மேன்தான் முதலில்.

தலை குனிந்து எஞ்சினைப் பார்த்தேன். எல்லா இடத்திலும் மாவு மாவாகவே இருந்தது. ஒரு மூலையில் மட்டும், எஞ்சினின் தலைக்கு மூடிபோல இருக்கும் டேப்பட் கவரின் விளிம்பில் தொடங்கிக் கீழே கொதிக்கும் புகைக் குழாய்வரை, பொன்னிறமாக ஒரு கோடு மொறுமொறுவென்று பொரிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் என் கணவர். நான் அந்தக் கோட்டை நோக்கி விரலை நீட்டினேன். குனிந்து பார்த்தார், முகர்ந்தார்.

"டேப்பட் கவர் பேக்கிங்" என்றார். பிறகு நிமிர்ந்து, "எங்க கம்பெனியில இந்த டெஸ்டே இல்லையே அம்மிணி."

ஹாரன் அடித்தவர்களே சேர்ந்து வண்டியைத் தள்ளி எங்கள் இடத்தில் நிறுத்தினார்கள். ரப்பர் பேக்கிங்கை மாற்றினோம், ஒழுகல் நின்றது. காரை விற்கவில்லை.

அடுத்த மழையில் நிலாவுக்கு மறுபடி இரைத்தது. கணவர் ஷிஃப்டில் இருந்தார். சாவியும் குழந்தையுமாக நான் கீழே ஓடிவந்தபோது, இருமல் சத்தம் கேட்டு எனக்கு முன்பே இறங்கியிருந்த காக்கு காரின் அருகில் நின்றார், காலில் ஜோடி மாறிய செருப்பு. பின் சீட்டில் ஏறி நிலாவை மடியில் வாங்கிக்கொண்டு, ஓட்டு என்றார். சாவியைத் திருப்பினேன். கிளினிக்கில் மருந்துப் புகை போகும் மாஸ்க்கை நிலாவின் முகத்தில் பிடித்தபடி நர்ஸ், இவர்கள் உங்களுக்கு என்ன உறவு என்று காக்குவைக் கேட்டார். "ஆம்சிச் ஆஹே" என்றார் காக்கு. எங்கள் வீட்டுப் பெண்தான். அதை நிரூபிப்பதற்காக முறுக்குக் கதை முழுவதையும் அங்கேயே சொல்லி முடித்தார்.

நிலா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். குடியிருப்புக்கு யார் புதிதாக வந்தாலும் காக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துகிறார். ஒவ்வொரு தடவையும் புகை கொஞ்சம் கூடுகிறது. போன வாரம் சொன்னபோது தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. அதன் மணிச் சத்தத்தை நிலா வாயால் அடித்துக் காட்டினாள். நான் மறுத்துப் பேசவில்லை. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.