வரி கட்டாத தெருவின் வேட்பாளர்

ஒருவனுக்குக் கோபமும் கொஞ்சம் எழுத்தறிவும் ஒரே நேரத்தில் வாய்த்துவிட்டால், சுற்றியிருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வாலிபத்தில் எனக்கு இரண்டும் இருந்தன. என் மாமு ஜாக்கிரதையாக இல்லை.

மாமு என் தாயின் அண்ணன். வெள்ளைக்காரன் காலத்தில் கொடைக்கானல் பஜாரில் பூண்டு மண்டி வைத்திருந்தார். மேல்மலைக் கிராமங்களிலிருந்து மட்டக்குதிரைகளில் வரும் பூண்டை வாங்கி வத்தலக்குண்டுக்கு அனுப்புவார். நான் மெட்ரிகுலேஷன் வரை படித்துவிட்டு (தேறினேன் என்று சொல்லவில்லை) அவர் மண்டியில் உட்கார்ந்திருந்தேன். அவர் மகள் ஜமீலாவை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. அதனால், நான் அறிவாளி என்பதை அந்த வீட்டுக்கு நாள்தோறும் நிரூபிக்கும் வியாதியும் எனக்கு இருந்தது.

மண்டிக்குப் பின்னால் சரிவில் எங்கள் தெரு. ஏரிப் பக்கத்துத் துரைமார் பங்களாக்களுக்கெல்லாம் தண்ணீர்க் குழாய் போயிருந்தது. எங்கள் பெண்கள் பள்ளத்து ஊற்றில் மொண்டு, இடுப்பில் குடத்தோடு மேடு ஏறினார்கள். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் வழுக்கி விழாத பெண் கிடையாது. ஒருவழியாக எங்கள் தெருவுக்கும் குழாய் போட முனிசிபாலிட்டி தீர்மானம் போட்டு, இரும்புக் குழாய்களும் வந்து இறங்கின. அந்த வருடம் பார்த்து மெட்ராஸ் சர்க்கார் பட்ஜெட்டில் கையைச் சுருக்கிக்கொண்டது. ஊர்களுக்குக் கொடுத்த மானியத்தை வெட்டிவிட்டு, வேண்டுமானால் வீட்டு வரியை உயர்த்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. முனிசிபாலிட்டி வரியை உயர்த்தியது, குழாய் வேலையை நிறுத்தியது. இறங்கிய குழாய்களுக்குள் குருவி கூடு கட்டியது.

அடுத்து முனிசிபல் தேர்தல் வந்தது. வரி உயர்வுக்குக் கை தூக்கியிருந்த மரக் கான்ட்ராக்டர் மறுபடி நின்றார். எதிர்த்து நிற்கும்படி தெருவே வந்து மாமுவைக் கேட்டது. நமக்கு எதற்கு அந்தச் சோலி என்று அவர் ஒதுங்கத்தான் பார்த்தார். நான் விடவில்லை. குழாய் வரும்வரை வீட்டு வரி கட்டக் கூடாது, அதுதான் நம் பிரசாரம் என்று திட்டமும் போட்டுக் கொடுத்தேன்.

மாமு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கட்டாம விட்டா ஒண்ணும் ஆயிராதுல்ல, மாப்ளே?"

"சட்டத்துல எடமிருக்கு மாமு" என்றேன். (எந்தச் சட்டத்தில், எந்த இடத்தில் என்று அவர் கேட்கவில்லை. மகராசன்.)

'குழாய் இல்லையேல் வரி இல்லை' என்று நோட்டீஸ் அச்சடித்து நானே ஊர் முழுக்க ஒட்டினேன். முனிசிபாலிட்டி அறிவிப்புப் பலகையில் சர்க்கார் தமிழில் ஏதோ ஒரு காகிதம் தொங்கியது. ஏல நோட்டீஸாக இருக்கும் என்று நினைத்து அதன் மேலேயே ஒட்டினேன். பசையைத் தாராளமாகத் தடவினேன். வரி மறுப்பு அமோக வெற்றி. எங்கள் தெருவில் ஒரு வீடுகூட வரி கட்டவில்லை. அப்படித்தான் நானும் மாமுவும் நம்பினோம்.

ஓட்டுப் பதிவு அன்று வெள்ளனே எழுந்து, பெருநாளுக்கும் தீபாவளிக்கும் எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கோஷம் போட்டபடி தெருவே மாமுவின் பின்னால் பள்ளிக்கூடத்துக்குப் போனது. முதல் ஆளாகக் காய்கறிக் கடை சுப்பையா உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். வரி பாக்கி இருந்தால் ஓட்டு இல்லையாம். அடுத்தவருக்கும் அதே பதில். அதற்கடுத்தவருக்கும் அதேதான். நான் உள்ளே போய்ச் சண்டை பிடித்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நிதானமாக, வரி கட்டக் கெடுத் தேதியைப் போட்டு ஒரு மாதத்துக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டியாயிற்றே, பார்க்கவில்லையா என்றார். எனக்கு அந்தப் பசை வாசனை மூக்கில் அடித்தது.

கடைசியாக மாமு போனார்.

"உங்க பேர் இருக்கு ராவுத்தரே. வரி கட்டியிருக்கு. வாங்க" என்றார் அதிகாரி.

வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. (வரி பாக்கிக்காரர் தேர்தலில் நிற்கவே முடியாது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாமுவின் வேட்புமனுவை அவர்கள் வாங்கிக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.) மாமு சீட்டை வாங்கி ஓட்டைப் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தார். தெரு மறுபடி அவர் பின்னால் நடந்தது. இந்தத் தடவை கோஷம் இல்லை.

வீட்டு வாசலில் சுப்பையாதான் பேசினார். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"எங்களக் கட்ட வேணாம்னு சொல்லிப்புட்டு, நீங்க மட்டும் கட்டிக்கிட்டீகளே, மொதலாளி."

பூண்டு நிறுப்பதில் ஒரு பல் குறைத்தறியாத மனிதர் என் மாமு. அவர் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு கூசுகிறது.

அப்போது மாமி வெளியே வந்தார். ஆண்கள் கூட்டத்துக்கு முன்னால் அவர் வந்து யாரும் பார்த்ததில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இடுப்பிலிருந்த செம்புக்குடத்தை வாசற்படியில் வைத்தார்.

"அவுக கட்டல. அவுகளுக்குத் தெரியவும் தெரியாது. நாந்தான் ஆள விட்டுக் கட்டுனேன். வரி கட்டலேன்னா ஜப்திக்காரன் மொதல்ல குடத்தத்தான் தூக்குவான். அறிவாளிக ரெண்டு பேரும் சர்க்காரோட சண்ட போடட்டும். விடிஞ்சா தண்ணி எடுக்கப் போறது நாந்தான?"

சுப்பையா தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

ஓட்டை எண்ணியபோது மாமுவுக்கு ஒரே ஓட்டு விழுந்திருந்தது. வரியை ஒழுங்காகக் கட்டியிருந்த மேட்டுத் தெருக்காரர்களும் பெரிய கடைக்காரர்களும் மரக் கான்ட்ராக்டரை ஜெயிக்க வைத்தார்கள். மாமு என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் மண்டியைத் திறந்ததும், "ஏலே மாப்ளே, அந்தப் பசைச் சட்டியக் கழுவி வையி" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த மழைக்காலத்தில் மாமி ஊற்றுப் பாதையில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதன் பிறகு அந்தக் குடத்தை ஜமீலா சுமந்தாள். என்னைக் கட்டிக்கொண்ட பிறகும், பிள்ளை பெற்ற பிறகும் சுமந்தாள். மெட்ராஸில் எப்போதோ ஒரு பட்ஜெட்டில் மானியம் திரும்பி வந்து, எங்கள் தெருவில் குழாய் ஏறும்வரை சுமந்தாள்.

மாமுவும் மாமியும் மௌத்தாகிப் பல வருடங்கள் ஆகின்றன. வீட்டு வரியை இன்றுவரை ஜமீலாதான் கட்டுகிறாள். அந்தப் பொறுப்பை என் கையில் கொடுப்பதில்லை. இப்போது வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது, குடத்துக்கு வேலை இல்லை, முற்றத்தில் சும்மா கிடக்கிறது. சாப்பிடும்போது நான் சர்க்காரைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், பேரப்பிள்ளைகளில் ஒன்று எழுந்து போய், ஜப்திக்காரன் வருவதற்குள் அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே ஒளித்து வைக்கும். வீடே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஜமீலா மட்டும் சிரிக்க மாட்டாள். தண்ணீரோடு அது என்ன கனம் கனக்கும் என்று இந்த வீட்டில் அவளுக்குத்தான் தெரியும்.