மேடு ஏறாத பீரங்கி வண்டி

விடுமுறையில் உள்ளேயே தங்கிக்கொள்ளும் கேரவன் வண்டியைக் காரோடு பூட்டி முடித்த நேரத்தில் கிளைவுக்குப் போன் வந்தது. ஆபீஸிலிருந்து ஜெம்மா. வெள்ளிக்கிழமையன்று மேலதிகாரி கூப்பிட்டால் நல்ல சேதியாகவா இருக்கும்?

"கிளைவ், அந்தக் குவாட் மேட்டுல ரொம்ப வேகமா ஏறுதாம். போர்ல அப்படி ஏறவே ஏறாதாம். கன்னர் ஆர்தர்ங்கற பேர்ல எழுதற ஆட்டக்காரர் மறுபடியும் புகார் போட்டிருக்கார்."

கம்ப்யூட்டர் போர் விளையாட்டில் வண்டிகளுக்கு வேகம் இவ்வளவு, இழுவை இவ்வளவு என்று எண் வைப்பதுதான் கிளைவின் வேலை. டாங்கிகளெல்லாம் சமர்த்தாக ஓடின. பீரங்கியை இழுக்கும் குவாட் என்ற இந்தப் பிரிட்டிஷ் வண்டிதான் பிராணனை வாங்கியது.

"ஜெம்மா, நான் லீவு. மூணாவது வாரமா பிரிட்லிங்டன் கடற்கரைக்குக் கிளம்பறேன். இப்பவும் போகலைன்னா இந்த வருஷம் அவ்வளவுதான்."

"ஒரே ஒரு எண்தானே? மாத்திட்டுப் போங்க."

வீட்டுக்குள் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து வேகத்தைக் குறைத்தான். வண்டி பாதி மேட்டிலிருந்து பின்னால் உருண்டு சொந்தப் படையையே நசுக்கியது. இழுவையைக் கூட்டினான். அது ஒரு தேவாலயத்தையே கட்டி இழுத்துக்கொண்டு போனது. எடையைக் கூட்டினான். ஏறிய பாலமெல்லாம் இடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அலுத்துப்போய், பழைய எண்களையே திரும்ப வைத்தான்.

"லீவு போச்சு மொரீன்."

"பரவாயில்லப்பா, வேலைதானே முக்கியம்" என்று மனைவி டீயை நீட்டினாள். போன இரண்டு வாரமும் இதையேதான் சொன்னாள். ஒரு முகச்சுளிப்பு இல்லை. அந்தத் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து மழையைப் பார்க்க அவளுக்கும் ஆசை இருக்காதா?

கேரவனைக் கழற்ற வாசலுக்குப் போனான். பக்கத்து வீட்டு பேரி, நிஜக் குவாட் ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பல வருஷமாகக் குடைகிறவர், வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, இந்த வாரமும் போகலையா?"

"எவனோ ஒரு ஆர்தர், குவாட்ல அது தப்பு இது தப்புன்னு எழுதியே என் லீவைத் தின்னுட்டான் பேரி. கையில கிடைச்சான்னா இருக்கு."

பேரி கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கு ஏம்ப்பா தனியா அல்லாடுற? உன் பொண்டாட்டியைக் கேளு. வியாழக்கிழமை ஆனா போதும், குவாட்ல இன்னும் என்ன தப்பு சொல்லலாம்னு எங்கிட்ட வந்து கேட்டு எழுதிக்கிட்டுல்ல போறா, பாவம்."